யாவே

ஆடிக் காற்று. பணகுடிக்குத் தெற்கே
நாற்பத்தேழாம் நம்பர் காற்றாலை மட்டும் முடங்கி நிற்க
எண்பது மீட்டர் உச்சியிலிருந்து
வாக்கிடாக்கியில் எலாதியோ கத்தினான்:
"யாவே! யாவே!"

"சாவியைக் கேக்கான் போல" என்றான் மாசானமுத்து.
ஸ்டோர் ரூம் சாவியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன்.
பத்து நிமிஷத்தில் அது திரும்பி இறங்கியது,
வாக்கிடாக்கி நிறையச் சிரிப்பு.
அவனுக்கு வேண்டியது
இருபத்துநாலாம் நம்பர் ஸ்பானர்.
அவன் ஊரில் ரெண்டுக்கும் ஒரே பேராம்.

இறங்கி வந்தவன் கிரீஸ் விரலால்
இன்டென்ட் தாளின் முதுகில் எழுதினான்: கிளாவிஸ்.
சாமியார்கள் பிரம்பால் சொல்லிக்கொடுத்த லத்தீன்.
அது அவன் வீட்டுக்கு நடந்தே போய் யாவே ஆனது.
பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியரிடம் ஷாவே ஆகி
கப்பலேறி, முத்துக்குளித்துறையில் இறங்கி,
இப்போது என் இடுப்பில் தொங்குகிறது.
அப்படியொன்றும் தப்பாக அனுப்பவில்லை நான்.
பெரியம்மை மகளைக் கேட்டவனுக்குச்
சித்தி மகளை அனுப்பியிருக்கிறேன்.

மேசையைத் தட்டிக் காட்டினேன். "மேசா" என்றான்.
"என்னையும் ஒரு தட்டு தட்டிப் பாரும் வே,
நான் எந்த ஊருன்னு தெரியட்டும்" என்றான் மாசானம்.

ஜன்னலுக்கு மட்டும் உதட்டைப் பிதுக்கினான்.
அவனுக்கு அது வெந்தானா. வெந்துஸ் என்றால் காற்று.
நாம் வாங்கி மாட்டியதோ
லத்தீனில் ஒரு குட்டிக் கதவு.
எனக்குப் பள்ளிக்கூடத்துச் செய்யுள் ஒன்றிலிருந்து
ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: காலதர்.
கால், காற்று. அதர், வழி.
எங்களிடமும் இருந்ததப்பா, எங்கே வைத்தோமென்றுதான்...
சொல்லி முடிக்கவில்லை,
ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கிளம்பி வந்தது
குட்டிக் கதவைப் படாரென்று அறைந்துவிட்டு
டீசல் பில்லையெல்லாம் முள்வேலிக்குக் கொண்டுபோனது.
மாசானம் பின்னாலேயே ஓடினான்.

கடைசியில் ரிஜிஸ்டர்.
கையெழுத்துப் போடணும்.
"பேனா இருக்கா?" என்றேன்.

எலாதியோ நிமிர்ந்து பார்த்தான்.
போர்த்துகீசியரிடம் பேனா என்றால் இறகு.
அவனிடம் துயரம்.
வேர் வேறு, ஒலி மட்டும் ஒன்று என்பதையெல்லாம்
மறுநாள்தான் சொன்னான்.
அன்றைக்குச் சொன்னது ஒரு வார்த்தை,
மாசானத்திடம் கற்ற தமிழில்:

"இருக்கு."

ஸ்பானர் இருபத்துநாலு, எண்ணம் ஒன்று,
திரும்பப் பெறப்பட்டது என்று எழுதிவிட்டு
என் பேனாவை மேசைமேல் வைத்தேன்.
ஒரு கால் குட்டையான மேசை.
அது தானே அவன் பக்கம் உருண்டது.