பிறழ் சாட்சி

கூசமோவுக்கு வடக்கே டிசம்பரில்
சூரியன் வேலைக்கு வருவது பத்து மணிக்கு.
இரண்டு அடிப்பதற்குள் கடையடைப்பு.
எஞ்சியதெல்லாம் கருக்கல்.

மைனஸ் இருபத்தாறு.
பலகைக் கூண்டுக்குள் நான், முக்காலி, ஒரு பிளாஸ்க்.
பனிவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
காசை எண்ணி வாங்கிக்கொண்டு
இடப்பக்கத்து பிர்ச் மரங்களைக் கைகாட்டிப் போனாள் தூவி மாட்டா.
"மொட்டு தின்ன அங்கேதான் வரும்."

நான்கு மணி நேரம் லென்ஸ் அங்கேயே பார்த்திருந்தது.
இரண்டேகாலுக்கு
கூண்டிலிருந்து மூன்றே எட்டில் பனி வெடித்தது.
காலையிலிருந்து அடியிலேயே படுத்திருக்கிறது,
என் இருமலையெல்லாம் கேட்டுக்கொண்டு.

பனிக்கௌதாரி.
கறுத்த கண் ஒன்று, கறுத்த அலகு ஒன்று,
மற்றதெல்லாம் இருப்பதாக
நான்தான் நம்பிக்கொள்ள வேண்டும்.

சாம்பல் அட்டையைப் பனியில் நட்டு வைத்திருக்க வேண்டும்.
மறந்துபோனேன்.
பையின் அடியில் அது
நடுநிலை தவறாமல் தூங்கியது.

பதினோரு படங்கள்.
பதினொன்றிலும் விஷம் தீண்டிய உதடுபோல
நீலம் பாரித்த பனி,
பனிமேல் நீலம் பாரித்த பறவை.

ராத்திரி, வாடகைக் குடிசையில்,
கணினியிடம் நீயே பார்த்துச் செய் என்றேன்.
ஒரே சொடுக்கு.
கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையாக எழுந்து நின்றது கௌதாரி.
பனி, பொட்டலத்து உப்பு.
இரண்டேகால் மணி எங்கோ ஓடிப்போய்
நண்பகல் வந்து உட்கார்ந்திருந்தது.
அழகாகத்தான் இருந்தது.
அந்த இடத்துக்கு நான் போனதே இல்லை.

திரும்ப இழுத்தேன்.
ஐயாயிரம் கெல்வினில் ஈரச் சுண்ணாம்பு,
ஆறாயிரத்தில் தயிர்,
எட்டாயிரத்தில் பழைய தந்தம்.
எல்லாமே வெள்ளைதான், பெயர் கேட்டால்.

ஹெல்சிங்கியிலிருந்து ரைமோ:
"முகப்புக்கு வேண்டும். வெள்ளையாக அனுப்பு."
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற
நல்ல மனிதன்.

நான் கூண்டில் விட்டுவந்த பிளாஸ்க்கைத்
திருப்பித் தர வந்தவள்
மூடியைத் திறந்து காட்டினாள்.
உள்ளே, பறவை படுத்திருந்த குழியில் கிடைத்ததாம்,
சுண்டுவிரல் நீளத்தில்,
தூவி தந்த தூவி.

எனக்கொரு சாட்சி கிடைத்துவிட்டது.
திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி விசாரித்தேன்.
குழல்விளக்கின் கீழ் லேசான பச்சை என்றது.
மேசைவிளக்கிடம் வெண்ணெய் என்றது.
கதவைத் திறந்து நிலாவில் பிடித்தேன்,
வாயே திறக்கவில்லை.
மறுநாள் எட்டு மணிக்கு ஜன்னலோரம்
அதே நீலம், அச்சு அசலாக.
பன்னிரண்டு மணி வெயிலில்
ஓரத்தில் ரோஜா ஏறியது.
நான் கூப்பிட்டு வந்த ஒரே சாட்சி
விளக்குக்கு ஒரு வாக்குமூலம்.

தூவியிடமே கேட்டேன்:
நேரில் பார்க்கையில் என்ன நிறம்?

பனிவண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"நிறத்தை யார் பார்த்தது?
கறுப்பாக ஒரு புள்ளி தெரியும்.
புள்ளி அசையாமல் இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது.
சாய்ந்தால் பறக்கப் போகிறது.
குளிர்காலம் முழுக்க அது
பனியாக இருக்கப் பாடுபடுகிறது.
நீங்கள் இரண்டையும் பிரித்து வைக்கிறீர்கள்."
புனலைத் துடைத்து வைத்தாள்.
"நாளைக்கும் கூண்டு வேண்டுமா? அரை நாளானாலும் முழுக் காசு."

ஏழாவது படத்தை எடுத்தேன்.
நீலத்தில் கைவைக்கவில்லை.
பொய் சொல்லக் கூடாதே,
கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும்
தூக்கிவிட்டேன்,
அது அங்கே இருந்தது, லென்ஸ்தான் தவறவிட்டது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

ரைமோவின் பதில் சாயங்காலம் வந்தது:
"கொஞ்சம் வெளுக்கலாமா?"

கொஞ்சம் என்றால்
எத்தனை மணிக்கு என்று
கேட்டு எழுதியிருக்கிறேன்.