ஞாயிற்றுக்கிழமை எண்கள்

அனுப்பர்பாளையம் டாக்டரம்மா
ஒரு மாதம் எழுதி வரச் சொன்னார்:
காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று.
மகளின் பழைய கணக்கு நோட்டில்
பாதித் தாள் மிச்சம் இருந்தது.

திங்கள் நூற்று அறுபத்திரண்டு.
செவ்வாய், ஷிப்மென்ட் நாள், நூற்று எழுபது.
புதன் கரன்ட் இல்லை, வேலை இல்லை,
அப்போதும் நூற்று அறுபது.
ஞாயிறு மட்டும் நூற்று முப்பத்தாறு.
அடுத்த ஞாயிறும்.
அதற்கடுத்ததும்.

பேனாவின் பின்பக்கத்தால் அந்த வரிசையைத் தட்டி
"ஞாயித்துக்கெழமை என்னங்க பண்றீங்க?" என்றார்.
கோயிலா, தூக்கமா, உப்பில்லாச் சோறா?

என்னத்தைச் சொல்ல.
ஞாயிறு பாக்கியம் வருவாள்.
ஒரே டேபிளில் எதிரெதிரே நின்று
என்னோடு பனியன் செக்கிங் பார்த்தவள்.
வந்ததும் ஃபேனை அஞ்சில் வைப்பாள்.
அரிசியும் பருப்பும் ஒரு வாய் அள்ளிவிட்டு
"ஏம்புள்ள, பூண்டு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள்.
பிறகு காலை நீட்டித் தூங்கிப்போவாள்.
அவள் குறட்டைக்குப் பக்கத்தில்
நான் துணி மடிப்பேன்.
இதை எந்த மருந்துச் சீட்டில் எழுதுவது?

நடுவில் இரண்டு வருஷம் பேசவில்லை.
ஏலச்சீட்டில் நாலாயிரம்.
அவள் எடுத்தாளா, நான் எண்ணியதில் பிசகா,
இன்றுவரை தெரியாது.
வேறு கம்பெனிக்கு மாறிப்போனாள்.
நொய்யல் பாலத்தில் எதிரெதிர் பஸ்ஸில்
பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம்.
அந்த இரண்டு வருஷத்தில்தான்
எனக்கு மாத்திரை ஆரம்பித்தது.
கணக்கில் சேருமோ சேராதோ, எழுதி வைக்கிறேன்.

ஒரு மார்கழிக் காலையில் எங்கள் கம்பெனி கேட்டில்
மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"நூல் கத்திரி இருக்கா? என்றத எவளோ எடுத்துட்டா."
கொடுத்தேன்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

போன மாசம் விளையாட்டுக்கு
அவள் கையில் பட்டையைச் சுற்றினேன்.
மிஷின் முக்கி முக்கி நின்றது:
நூற்று எண்பத்தெட்டு.
"மிஷினு கோளாறு" என்றாள்.
மறுபடி. நூற்று எண்பத்தொன்பது.

என் வெசனத்தை எல்லாம் ஞாயிறுதோறும்
அவள் மடியில் கொட்டிவிட்டு
நான் லேசாய் இறங்கிக்கொண்டிருந்தேன்.
மகன் கடனை இவள் தலையில் வைத்துவிட்டுப்
பெருந்துறைப் பக்கம் போய்விட்டதை,
ஆறு மாசமாய் ஒற்றை ஆளுக்குச் சமைப்பதை
அவள் சொல்லவே இல்லை.
நான் கேட்கவும் இல்லை.
பூண்டு போதுமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

திங்கள் லீவு போட்டேன்.
சம்பளம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.
டாக்டரம்மா முன்னால்
தோளை அமுக்கி அவளை உட்காரவைத்தேன்.

இப்போது நோட்டில் இரண்டு கட்டம்.
ஞாயிறு அவள் வருவாள்,
புதன் பொழுதோட நான் போவேன்.
முதல் புதன் நூற்று எழுபத்தாறு.
சொன்னாள், கொஞ்சம்தான்.
மீதியை அடுத்த புதனுக்கு வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் புதன்
பட்டை உப்பிக்கொண்டிருக்கும்போது
"இத்தன வருசமா உன்ற மொகத்தப் பாத்ததுல
வந்த சீக்கு புள்ள இது" என்றாள்.
இரண்டு பேரும் குலுங்கியதில்
எண்ணுக்குப் பதில் ஏதோ ஓர் எழுத்து வந்து நின்றது.
அளக்க முடியவில்லை என்று அர்த்தமாம்.

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.