எட்டு வாரக் கோதுமை

ஒரு தாள்தான்.
இரத்தம் எடுக்கும் இடத்தின் விலாசம்,
டாக்டரின் கிறுக்கல்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில்
பன்னிரண்டு நாளாய்த் தொங்குகிறது.
பால் எடுக்கும்போதெல்லாம்
கொஞ்சம் ஆடும்.

நிறுத்திப் பார்த்தது நாங்கள்தான்.
யாரையும் கேட்கவில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தைந்து, கார் கிளம்பவில்லை,
குளியலறைத் தரையில் வயிற்றைப் பிடித்தபடி
அமுதினி சுருண்டு கிடந்தாள்.
விடிந்ததும்
சப்பாத்தி மாவு, ரவை, சேமியா, பிரெட்
எல்லாம் கறுப்புப் பையில் கட்டி
செண்பகா வாசலில் வைத்தாள்.
பனி மூடிற்று.

மார்ச்சில் கன்னம் வைத்தது.
ஏப்ரலில் ஜீன்ஸ் இடுப்பில் நின்றது.
சைக்கிளில் தெருமுனைவரை போய்
வியர்வையோடு திரும்பி வந்து
இன்னும் சோறு வேண்டும் என்றாள்.
அந்த வார்த்தையைக் கேட்டு
ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஜூனில் டாக்டர்
குரலை உயர்த்தாமல் சொன்னார்:
சாப்பிடாத உடம்பில் சோதனை பேசாது.
தினம் இரண்டு துண்டு ரொட்டி.
எட்டு வாரம். பிறகு ஊசி.
அதற்கும் பிறகு, ஒருவேளை, குழாய்.

திருடனைப் பிடிக்க
கதவைத் திறந்து போட்டுவிட்டு
பிள்ளையை முன்னறையில் படுக்க வைப்பதா,
என்று காரில் கேட்டாள் செண்பகா.
சிக்னல் பச்சையாகி
பின்னால் ஹாரன் அடிக்கும்வரை
நான் வண்டியை எடுக்கவில்லை.

சாஸ்கட்டூனில், ரயில்பாதை ஓரம்,
மாவு மில்லில் எனக்கு வேலை.
ஷிப்ட் முடிந்தால்
புருவத்தில், காதுமடலில், ஷூ லேஸ் முடிச்சில்
கோதுமை.
முன்பெல்லாம் ஓடிவந்து கட்டிக்கொள்வாள்.
இப்போது மாடிப்படியில் நின்று
"குளிச்சாச்சாப்பா?" என்கிறாள்.
வீட்டுக் கடனை அடைப்பது அது.
அவள் வயிற்றை அறுப்பதும் அதுவாக இருக்கலாம்.
இருக்கலாம்.
அந்த 'லாம்' ஒன்றை எடுத்துப்போடத்தான்
எட்டு வாரம்.

சோறு தின்கிற நமக்கு
ஏதுடா கோதுமை வியாதி,
என்று மதுரையிலிருந்து அக்கா சிரிக்கிறாள்.
பெருங்காய டப்பாவின் முதுகை
அவள் படித்ததில்லை.
நானும்தான். ஆறு வருடம்
சாம்பாரில், ரசத்தில், தாளித்த மோரில்
நானே கிள்ளிப் போட்டிருக்கிறேன்.
பொடி எழுத்தில் இரண்டாவது வரி: கோதுமை மாவு.

நன்றாகத்தானே இருக்கிறாள், என்கிறாள் செண்பகா,
நன்றாக இருப்பதற்கு ஒரு பெயர் எதற்கு?
பதினாறு வயதில், நான் சொல்கிறேன்,
யாரோ ஒருத்தி வீட்டில் பீட்சாப் பெட்டி திறக்கும்.
அம்மா அப்பாவின் வெறும் பயம் என்று
இவளும் ஒரு துண்டு எடுப்பாள்.
வலிக்காமலே இருந்தாலும்
உள்ளே குடலின் இழைகள்
அறுத்த வயல்போல் மொட்டையாகும்.

இதைச் சொன்ன இரவு
நாங்கள் முதுகு காட்டிப் படுத்தோம்.
சத்தியமாகச் சொன்னால்
எனக்கும் நிச்சயமில்லை.
நிச்சயமாகப் பேசினேன், அவ்வளவுதான்.

மறுநாள் இட்லித் தட்டுக்கு மேலே
தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:
"எட்டு வாரத்துக்குள்ள
என் பர்த்டே வருமா?"
வரும், ஜூலையில்.
"அப்போ எல்லாரும் சாப்பிடற கேக்கே
எனக்கும் உண்டா?"

செண்பகா எழுந்து போய்
சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.
கழுவ ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் மூடிய மறுநாள்
ஊருக்கு வெளியே வண்டியோட்டிப் போனேன்.
இருபுறமும் முழங்கால் உயரம், பச்சை.
ஆகஸ்டில் மஞ்சளாகும்.
யாரையும் கெடுக்க முளைத்ததில்லை.
திரும்பும்போது ஒரு ரொட்டி வாங்கினேன்,
பிடித்தாலே அமுங்கும் வெள்ளை ரொட்டி.
எங்கள் மில் மாவாகக்கூட இருக்கலாம்.

நிலவறையிலிருந்து டோஸ்டர் வந்தது.
துண்டு குதித்ததும் கைதட்டினாள்.
வெண்ணெய் தடவியது நான்.
ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு
நடுவை மட்டும் தின்றாள்.
அதையும் தின்னு, என்றேன்.
இரண்டு துண்டும் முழுசாகத் தின்னணும்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

செண்பகா ஒன்றும் பேசவில்லை.
காலண்டரில் ஒரு கோடு போட்டாள்.
பிறகு மாடிக்குப் போய்
குளியலறைத் தரையில்
இரண்டாய் மடித்த கம்பளி விரித்து,
பகல்தான் என்றாலும்,
விளக்கைப் போட்டுவைத்தாள்.