நாலுக்கு இறங்கட்டும்

கட்டளை பாதி அடித்திருக்கும்போதே
குறுக்கே வந்து விழுகிறது வரி:
தடுத்தேன்.
அடுத்த எழுத்துக்குள் இன்னொன்று: தடுத்தேன்.
யார், எந்தப் போர்ட், எத்தனை பைட்,
எல்லாம் என் எழுத்துகளின் தலைமேல்.

கடலூர் முதுநகர், ஐஸ் ஃபேக்டரி, இரவு இரண்டரை.
இந்த ஃபயர்வாலுக்கு
நல்ல வேலைக்காரனின் கெட்ட பழக்கம்,
செய்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.
கம்ப்ரசர் பார்க்கும் கலியவரதன்
டீயோடு வந்து நின்று
"படம் ஓடுதா மேடம்?" என்றார்.

என்ன அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாமல்
குத்துமதிப்பாக அடித்தேன்:
கர்னலின் குரல் நாலுக்கு இறங்கட்டும்.
எச்சரிக்கையெல்லாம் உள்ளே எழுதிக்கொள்.
உயிர் போகிற காரியமென்றால் மட்டும் கூப்பிடு.

நின்றது.
அப்புறம்தான் காதில் விழுந்தது
கம்ப்ரசர் ஓடும் சத்தம்.

கரண்ட் ஒருதரம் போய்வந்தால்
சொன்னதை மறந்துவிடும் என்று
கோப்பிலும் எழுதி வைத்தேன்.

திரை சும்மா இருக்கிறது என்பதால்
தட்டுகிறவர்கள் போய்விடவில்லை.
பதிவேட்டுக்குள் நிற்கிறார்கள்,
ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர்.
ஓடாத வரிகளை
இப்போது ஒவ்வொன்றாய்ப் படிக்க முடிந்தது.

நடுவே ஒரு முகவரி. நம்முடையது.
மூன்றாம் குளிரறை வெப்பமானி.
வியாழக்கிழமை நான் விதிகளை மாற்றியதிலிருந்து
நிமிடத்துக்கு ஒருதரம் தட்டியிருக்கிறது.
நிமிடத்துக்கு ஒருதரம்
தடுத்திருக்கிறேன்.

கலியவரதன் டீயை வைத்துவிட்டுப் போய்
கதவைத் திறந்தார்.
வஞ்சிரப் பெட்டிகளுக்கடியில்
தண்ணீர்.