ஏழரை முதல் நாலரை வரை

டாக் என்றால் பகல். முட்டர் என்றால் தாய்.
இரண்டையும் ஒட்டி
ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் இங்கே.
டாகஸ்முட்டர்.
ஏழரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிற தாய்.
(ஏழரை என்றதும் சிரிக்க வேண்டாம்.
சனியன் இல்லை, பெற்றவர்கள் வேலைக்கு ஓடுகிற நேரம்.)

வுப்பர்டாலில், வோவிங்கல் பக்கம்,
எங்கள் இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே
தொங்கும் ரயில் போகும்.
ஐந்து பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார்கள்.
ஐந்துக்கு மேல் கூடாது என்று அனுமதிக் கடிதம்.
பின்னேரம் துடைக்கிறபோது
ஐந்து மூக்கும் ஐந்து உயரத்தில் இருக்கும்.
ஆகக் கீழே இருக்கிறதை மட்டும்
சில நாள் விட்டுவிடுவேன்.

அந்தக் கடிதத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.
படிவத்தில் ஏழாம் கேள்வி:
சொந்தப் பிள்ளைகள் எத்தனை?
நாலு தரம் சுழியம் போட்டிருக்கிறேன்.
முதல் தரம் பேனை நின்றது.
கடைசித் தரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே போட்டேன்.

ஹாகனில் ஒரு சாமத்தியவீடு.
பக்கத்துக் கதிரையில் யோகாம்பிகை
வடையைப் பிய்த்தபடி ஆறுதல் சொன்னாள்:
ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
பதினாறு வருடமாய் ஊட்டுகிறேன், யோகா,
முப்பத்தொரு பிள்ளைகள்.
தானே வளர்ந்தது முதுகுவலி ஒன்றுதான்
என்று சொல்லவில்லை.
பாயாசம் நல்லாயிருக்கு என்றேன்.

மெர்லே வந்தபோது பத்து மாதம்.
அவளுக்கு முதல் பேச்சு வந்தது என் குசினியில்.
அடுப்பில் பொங்கி வழிந்ததைக் காட்டி
பால் என்றாள்.
நான் சொல்லிக் கொடுக்கவில்லை.
பொங்குகிறபோதெல்லாம் நானே கத்துவதுதான் அது,
ஐயோ பால்!

அன்று நாலரைக்கு
படியில், தாய்க்கு முன்னால், மறுபடி சொன்னாள்.
கொஞ்சம் குறுக்கிச் சொன்னால் டொச்சில் அது பந்து.
குழந்தை வாய்க்கு நெடில் ஏது, குறில் ஏது?
ஸ்வென்யா அழுதேவிட்டாள்.
முதல் சொல்! பந்து!
புத்தகத்தில் திகதியோடு எழுதினாள்.
சனிக்கிழமை சிவப்புப் பந்து வாங்கிப் படம் அனுப்பினாள்.
பதிலுக்குக் கைதட்டும் மஞ்சள் கைகளை அனுப்பினேன்.
திருத்தவில்லை.
முதல் சொல் பெற்றவளுக்கே போகட்டும் என்றது
பாதி பெருந்தன்மை.
மீதி, ஒளித்துவைத்து ருசிக்கிற களவு.

பிறகு ஒரு மாசி இரவு, இரண்டரை மணி.
அவருக்கு சோலிங்கனில் இரவு வேலை.
தொலைபேசியில் ஸ்வென்யா.
காய்ச்சல் இல்லை, பல் முளைக்கவில்லை,
ஒரு மணித்தியாலமாய்ப் பந்து பந்து என்று அழுகிறாள்,
கொடுத்தால் எறிகிறாள்,
நான் என்ன செய்ய?
பின்னால் மெர்லே.
பா... பா...
கடைசி எழுத்து வருமுன் மூச்சு முட்டியது.

மூன்று நொடி பேசாமல் இருந்தேன். நாலாகவும் இருக்கலாம்.
பெற்றவள் என்றால் அந்த மூன்று நொடி இருந்திருக்காது
என்றது ஒரு மனம்.
பெற்றவளுக்குத்தானே விளங்கவில்லை
என்றது அதே மனம்.

பந்து இல்லை, என்றேன்.
பால் கேட்கிறாள். என்னுடைய மொழியில்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
பிறகு குளிர்பெட்டி திறக்கும் சத்தம்.
தொலைபேசியை மேசையில் வைத்து மறந்திருக்க வேண்டும்.
உறிஞ்சுகிற சத்தம் வரை கேட்டேன்,
அது நின்று
பெருமூச்சாகிறது வரை.
நானாகவே துண்டித்தேன்.

விடிந்தால் ஏழரைக்கு வருவாளா,
வந்தால் என்ன முகத்தோடு,
தெரியாது.
நித்திரை வரவில்லை.
குசினிக்குப் போய் ஒரு தம்ளர் அளவு அடுப்பில் வைத்தேன்.
பொங்கியது.
பழக்கத்தில் கத்தினேன்.
பிறகு நின்றபடியே குடித்தேன்,
சீனி போடாமல்.