இடது கதவு மட்டும் கேட்டது

பதினேழு வயசான பிக்கப்.
குளச்சல் உப்புக்காற்று முதலில் தின்றது
சாவித் துளையைத்தான்.
தேங்காயெண்ணெய் விட்டேன், மண்ணெண்ணெய் விட்டேன்,
கெட்ட வார்த்தையும் விட்டுப் பார்த்தேன்.
ராத்திரி இரண்டரைக்கு
ஏலத்தில் எடுத்த சாளைப்பெட்டி இடுப்பில் இருக்க,
செதில் ஒட்டிய விரலால் திருகியதில்
சாவி முறிந்தது.
பாதி என் கையில், பாதி கதவுக்குள்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ரிமோட் செட்.
அட்டையில் வெளிநாட்டுக் கார், பின்னால் பனிமலை.
ஒயர் வேலைக்கு இரணியல் றெஜின்.
"அக்கா, இந்த வண்டிக்கு இதெல்லாம் வேணுமா?"
"உனக்க பைக்குக்கு எத்தன லைட்டு?" என்றேன்.
பிறகு அவன் பேசவில்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றினான்.
ஒரு ஊக்கு,
காய்ந்த இறால் மீசை,
எப்போதோ நான் தேடித் தேடித் திட்டிய
ஐம்பது ரூபாய் நோட்டு.
மோட்டாரைப் பூட்டினான், கம்பியை வளைத்தான்,
ரப்பர் குழாயில் புது ஒயர் நுழையாதென்று
ஸ்பீக்கருக்குப் போன பழசையே பிடித்தான்.
அமுக்கினான்.
இடது கதவு டக் என்றது.
வலது கதவு,
பங்குப்பேரவையில் கணக்குக் கேட்ட அன்று
செயலாளர் இருந்த மாதிரி இருந்தது.

மறுபடி. இடது: டக்.
ரிலேவை மாற்றினான். இடது: டக்.
பாட்டரியில் நேராய் வைத்தால்
வலது மோட்டாரும் துடிக்கிறது.
மழை வந்தது. றெஜின் போனான்.

ஒன்பது நாள்
இடது பக்கம் ஏறி, கியர் கம்பைத் தாண்டி,
சுடிதாரைக் கிழித்துக்கொண்டு
என் இருக்கைக்குப் போனேன்.
யாரும் உட்காராத இருக்கை அது.
ஐஸ் பில்லும் தராசும் ஒரு குடையும் உட்காரும்.
அங்கே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும்போது
ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளில்லை.
அது ஒரு மாதிரி இருந்தது.

பத்தாம் நாள் அவனாகவே வந்தான்.
கீலுக்குப் பக்கத்தில்
மடிப்பு மடிப்பான குழாயை உருவினான்.
பச்சை ஒயர்.
மேல்தோல் முழுசு,
உள்ளே செம்பு பொடிப்பொடி.
"திறந்து திறந்தே அற்றிருக்கு அக்கா."
எத்தனை தரம்?
துறைமுகம், டீக்கடை, பெட்ரோல் பங்க், செக்போஸ்ட்,
வீட்டுக்கு வீடு மீன் தூக்கு...
லட்சம் தாண்டியதும் கணக்கை விட்டேன்.
இடது குழாயையும் உருவிப் பார்த்தான்.
கடையிலிருந்து இப்போதுதான் வந்த ஒயர் போல
மினுங்கியது.
அதைப்பற்றி இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

ஈயப் புகை. கறுப்பு டேப்.
டக், டக்.
நாலு இண்டிகேட்டரும் ஒரு சிமிட்டு.

இப்போது ஏலக்கூடத்தில் நின்றே அமுக்குகிறேன்.
இருட்டில் நாற்பது வண்டிக்கு நடுவே
ஒன்று மஞ்சளாய்க் கண்ணைக் காட்டும்.
"இன்னா, செலினக்கா வாறாவ" என்பார்கள்
ஐஸ் உடைக்கும் பையன்கள்.
இரண்டு கையிலும் பெட்டி, முழங்கையால் கதவு.
ஏறி உட்கார்ந்து
இக்னிஷனில் திருகுவது மட்டும்
டூப்ளிகேட் வெட்டிய சாவி.
மூன்றாம் திருகில்தான் பிடிக்கும்.
றெஜினிடம் இன்னும் சொல்லவில்லை.