கரண்ட் இல்லாத செவ்வாய்

மாசத்தில் ஒரு நாள்
ஒன்பதிலிருந்து ஐந்து வரை மராமத்து.
பொதட்டூர்ப்பேட்டைத் தறிகள் வாயை மூடிக்கொள்ளும்.
அன்றைக்குத்தான் தெரியும்
எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பது.

இந்த மாசம் செவ்வாய்க்கிழமை.
"கைலாசகோனா போய்ட்டு வரலாமா" என்றார் தணிகாசலம்.
பதினோரு வருஷமாய்ப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர்,
நாங்கள் பார்த்ததில்லை.
எலுமிச்சை சாதம், நாலு அவித்த முட்டை,
நூல் பிரிந்ததால் விலைபோகாத
ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கி, துவட்டிக்கொள்ள.
பெட்ரோலை இந்தப் பக்கமே போட்டுக்கொண்டோம்.

எல்லை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.
ஒரு வேகத்தடை.
பலகையில் எழுத்துகள் உருண்டுகொண்டன.
இடுப்பில் செருகிய போன் ஒருமுறை அதிர்ந்து
வருக என்றது.
மற்றபடி அதே கரும்பு,
அதே டிராக்டர், அதே தலைவலித் தைல விளம்பரம்.
நகரி மூக்கு மட்டும்
வலப்பக்கம் கொஞ்ச தூரம், இடப்பக்கம் கொஞ்ச தூரம்
எங்களை மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தது.
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகள்
கூழ் ஆலை வாசலில் அரை மைலுக்கு நின்றிருந்தன.
ஒரு டிரைவர் சக்கரத்துக்கடியில் தூங்கினார்.
காலில் ஈ.

வழி முழுக்கக் கத்திக்கொண்டே போனோம்.
சண்டை இல்லை,
எங்களுக்குப் பேச்சே அப்படித்தான்.
புத்தூர் தாண்டி டீக்கடையில்
இவர் "ரெண்டு டீ" கேட்டதற்கு
கடைக்காரம்மா அடுப்பைவிட்டு ஒரு அடி பின்வாங்கி,
"எந்துக்கண்ணா அரவடம்?" என்றாள்.
எங்கள் பாஷைக்கே அரவம் என்று பேர் வைத்தவர்கள்.
இவர் என்னைப் பார்த்தார், என்னவாம் என்று.
சர்க்கரை போதுமான்னு கேக்குறாங்க, என்றேன்.
போதும், என்று அவளிடம் கத்தினார்.

அருவிக்கு முன்னால் குரங்கு ஒரு முட்டையை வாங்கிக்கொண்டது.
படியிறங்க இறங்கக் குளிர்.
பாறை இடுக்கில் இரண்டு ஆள் தடிமனில்
நிற்காமல் விழுகிறது தண்ணீர்.
அந்த இரைச்சல்!
எட்டுத் தறி ஒன்றாய் ஓடுகிற இரைச்சல்.
காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்
தானாக இறங்கிற்று.

தறிக்கூடத்தில் நாங்கள் பேசுவது உதட்டால்.
பாவு அறுந்துபோச்சு. மேஸ்திரி வர்றான்.
வயித்த வலிக்குது, கொஞ்சம் என் தறியையும் பாத்துக்க.
இருபது அடிக்கு அப்பால் நின்றும் ஒரு சொல் சிந்தாது.
வீட்டில்தான் கஷ்டம்;
அங்கே சொல்ல வேண்டுமென்றால் குரல் வேண்டும்.

இவர் தண்ணீருக்குள் நின்றார், பூணாத மார்பில்
பஞ்சுத்தூசியெல்லாம் கரைந்துபோக.
நான் எதிர்ப் பாறையில்.
மூன்று வாரமாய் வைத்திருந்ததை
உதட்டில் எடுத்து வைத்தேன்:
திருத்தணி டாக்டர் சொல்லிட்டார்.
எடது காது போயிடுச்சாம்.

முகத்தை வழித்துவிட்டு இன்னொருமுறை சொல் என்றார்.
சொன்னேன்.
நடுவில் இரண்டு காலேஜ் பையன்கள்
செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள்,
நடுச்சொல் ஒன்று மறைந்து மீண்டது.

எனக்கு ரெண்டும், என்றன இவர் உதடுகள்.
எப்ப?
ரெண்டு தீபாவளி ஆச்சு.

யாரோ எங்களைப் பார்த்து
ஊமைப் படம் ஓட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.
நான் சேலையோடு இறங்கினேன்.
அவர் நகர்ந்து இடம் விட்டு,
யோசித்து,
சுற்றிவந்து என் வலப்பக்கம் நின்றார்.
அந்தச் சத்தத்தில் எந்தப் பக்கம் நின்றால் என்ன.
நின்றார்.

சாதத்தில் உப்பு தூக்கல். மூன்று முட்டையை
எப்படிப் பங்கு போடுவது என்பதில் கொஞ்சம் சண்டை.

மூன்றரை மணிக்கே கரண்ட் வந்துவிட்டதாம்.
திரும்புகிற வழியில் இவர் சட்டைப்பையில்
ஓனர் ஆறு தடவை அதிர்ந்தார்.
முதுகில் சாய்ந்திருந்த எனக்கும் அதிர்ந்தது.
வண்டிச் சத்தத்துல கேக்கலன்னு சொல்லிக்கலாம்,
என்று அவர் முதுகில் விரலால் எழுதினேன்.
பொய்யுமில்லை.
நகரி மூக்கு இப்போது எங்களுக்குப் பின்னால்.